அரைக் கிணற்றின் அதிபதி

ஒக்டோபர் 3

வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் அலையக்கூடாது என்பதற்காக என் இராச்சியத்தின் எல்லைகளை முதலிலேயே எழுதி வைக்கிறேன். வடக்கே ஒழுங்கை என்கிற ஒடுக்கத் தெரு. கிழக்கே வைரவர் கோயில் மதில். தெற்கே, நாலு துளி மழைக்கே இந்து சமுத்திரமாகிவிடும் ஒரு வெறும் வளவு. மேற்கே எதிரி. இவற்றுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு, தேங்காயைவிட ஓலையை அதிகம் காய்க்கும் சில தென்னைகள், அரைக் கிணறு.

அரைக் கிணறு என்றால் வெளியூரார் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் எவனும் சிரிக்கமாட்டான். காணியைக் கூறுபோட்டுப் பிள்ளைகளுக்கு எழுதும்போது கிணற்றை வெட்டி இரண்டாக்க முடியாதே. ஆகவே எல்லைக் கோட்டை அதன் நடுவால் ஓடவிட்டு, இங்கே பாதி, அங்கே பாதி என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிவிடுவது வழக்கம். எங்கள் மதில்கூடக் கிணற்றடிக்கு வந்ததும் மரியாதையாக நின்று, கிணற்றைத் தாண்டி மறுபடி தொடங்குகிறது.

இந்தப் பக்கத்துப் பாதிக்கு அதிபதி நான், இளைப்பாறிய தபால் அதிபர் குலவீரசிங்கம். அந்தப் பக்கம் இளைப்பாறிய நில அளவையாளர் தில்லைநடராசா. மனிதர் ஒருநாள் சங்கிலி பிடித்து அளந்து பார்த்துவிட்டு, கிணறு முழுவதும் தன் காணிக்குள்தான் என்றார். நான் விறாந்தையில் இருந்தபடியே கண்ணால் அளந்து, முழுவதும் என் காணிக்குள் என்றேன். விஷயம் கோட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை இரு பகுதியும் கிணற்றில் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. தீர்ப்பு இன்னும் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. இருவருக்கும் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் அவசரமும் இல்லை.

கோட்டுப் பாஷையில், ஒரு வாளி அள்ளினால் அது அனுபவம். மூடி போட்டால் உரிமை கொண்டாடல். பாசி எடுத்தால் பராமரிப்பு. ஆகவே கிணற்றுக்கு எவனும் ஒரு நன்மை செய்துவிடாமல் காவல் காப்பதே எங்கள் இருவரின் முழுநேர உத்தியோகம்.

இன்றைய முக்கிய செய்தியைக் கடைசியில் எழுதுகிறேன். மயூரதி வந்துவிட்டாள். என் தங்கை மகள். தங்கை கனடாவில், மாப்பிள்ளைக்கு முல்லைத்தீவில் ஆசிரிய வேலை. ஆகவே பிள்ளைப்பேறு என் அரண்மனையில். இரண்டு தடவை கைக்கு வராமல் போனபிறகு தங்கியிருக்கிற பிள்ளை இது. ஆறாம் மாதம். வாசல் படலையைத் திறக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. படலையின் பிணைச்சல் அப்படி.

ஒக்டோபர் 5

மயூரதியின் கட்டிலை யன்னலோரம் போட்டேன். காற்று அதிகம். நடு அறைக்கு மாற்றினேன். காற்றுப் போதாது. சாமியறைப் பக்கம் தள்ளினேன். ஊதுபத்திப் புகை. கட்டில் இப்போது மறுபடி யன்னலோரம் நிற்கிறது. ஒரு நாளில் இவ்வளவு தூரம் பயணம் செய்த கட்டில் ஆசியாவிலேயே இருக்காது.

ஒக்டோபர் 9

சுகாதாரப் பரிசோதகர் ஜெயரூபன் வந்தார். மெலிந்த தம்பி. மோட்டார் சைக்கிளின் கைபிடியில் தண்ணீர் நிரம்பிய பொலித்தீன் பை, அதற்குள் குட்டி மீன்கள். கறிக்குக் காணாதே தம்பி என்றேன். அவர் சிரிக்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய், கயிற்றில் கட்டிய கரண்டியை இறக்கி ஒரு மிடறு தண்ணீர் எடுத்து எனக்குக் காட்டினார். குடம்பிகள். சாதாரண நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்குமாம். இவையோ பாயில் படுத்த மாதிரித் தண்ணீர் மட்டத்தில் சமாந்தரமாகக் கிடந்தன.

அவர் சொன்னதை என் பாணியில் எழுதுகிறேன். பழைய மலேரியா நுளம்பு காட்டுவாசி. ஆற்றுக் கிடங்கு, குளத்தோரம், வன்னி, கிழக்கு என்று அதன் சீவியம். பட்டணத்துக்காரர் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். சில வருடங்களுக்கு முன் கடல் கடந்து ஒரு புது இனம் வந்து மன்னாரில் இறங்கியது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. ஸ்டீபன்சி துரை என்று வைத்துக்கொள்வோம். கடிப்பது பெண் மட்டும் என்பதால் துரைசாணி. சேறும் சகதியும் அம்மாவுக்கு ஆகாது. கட்டுக் கிணறு, தண்ணீர்த் தாங்கி, சீமெந்துத் தொட்டி என்று நல்ல தெளிந்த தண்ணீராகப் பார்த்துத்தான் முட்டை இடுவாள். அதாவது யாழ்ப்பாணம் முழுவதையும் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று.

நாட்டில் இப்போது சொந்த மலேரியா இல்லை, வெளிநாட்டில் இருந்து கொண்டு வருகிறவர்கள் மட்டும்தான் என்றார் ஜெயரூபன். முன்பு அப்படி ஒருவர் பட்டணத்துக்கு வந்தால் அவரோடு முடிந்துவிடும். இப்போது அவர் வீட்டுக் கிணற்றிலேயே துரைசாணி காத்திருக்கிறாள். அவரைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கும் போவாள்.

வன்னிக் காய்ச்சல் எனக்குத் தெரியும் என்றேன். எப்படி ஐயா என்று கேட்டார். தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியும் என்றேன்.

பிறகு, இந்த மீன்கள் குடம்பிகளைத் தின்றுவிடும் என்று சொல்லி அவர் பையை அவிழ்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "வழக்கில இருக்கிற கிணறு. கை வைக்க ஏலாது." அதே கணம் மதில் முடிகிற இடத்தில் தில்லைநடராசாவின் தலை தோன்றி, அதே வசனத்தைச் சொன்னது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது. இருவரும் வாயால் சம்மதம் சொன்னாலே போதும் என்று தம்பி கெஞ்சினார். இருவரும் சொல்லவில்லை. மீன்கள் வந்த மோட்டார் சைக்கிளிலேயே திரும்பிப் போயின. வெற்றி.

ஒக்டோபர் 10

வெற்றியைப் பற்றி மயூரதியிடம் விரிவாக எடுத்துச் சொன்னேன். "உங்களைக் கடிக்க வாற நுளம்பிட்டையும் உறுதி கேப்பியள் போல மாமா" என்றாள்.

ஒக்டோபர் 19

எதிரி முகாமில் கொண்டாட்டம். மகன் கோபிகரன் மடகஸ்காரில் இருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற வேலை. ஆட்டிறைச்சிக் கறி வாசம் மதிலைத் தாண்டி அனுமதி இல்லாமல் என் எல்லைக்குள் புகுந்தது. இதற்கும் ஒரு வழக்குப் போடலாமா என்று யோசித்தேன்.

பெண் பார்க்கிறார்களாம். சுன்னாகத்துப் பக்கம். இதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. தில்லைநடராசாவின் மனைவி பாக்கியத்துக்குத் தொலைபேசியில் மெல்லப் பேசத் தெரியாது. இரகசியம் பேசினால் கடல் தாண்டி ஊர்காவற்றுறைக்குக் கேட்கும்.

நவம்பர் 2

பின்னேரம் மேற்கே நில அதிர்வு. கோபிகரனின் அறை மதிலோடு ஒட்டியது. அவனுடைய கட்டில் கிடந்து ஆடியது. பாக்கியம் போர்வை, பனடோல் என்று ஓடினாள். மழையில் நனைந்த குளிர்க்காய்ச்சல் என்று யாருக்கோ போனில் சொன்னாள்.

நவம்பர் 3

அதிர்வு இல்லை. பொடியன் விறாந்தையில் நின்று சிரித்துக்கொண்டு கதைத்தான். நல்லது.

மயூரதிக்குக் கோழி சூப் வைத்தேன். இமயமலையில் வாழும் முனிவர்கள் இந்த வாசத்துக்கு இறங்கி வந்திருப்பார்கள். அவள் உப்புக் கூட என்றாள்.

நவம்பர் 4

மறுபடியும். அதே நேரம்.

முதலில் பல்லுக் கிட்டுகிற குளிர். பிறகு உடம்பு அடுப்பாகிவிடும். பிறகு வியர்வை, கட்டிலைப் பிழிந்தால் வாளி நிரம்பும். பிறகு எழும்பி இருந்து, ஒன்றுமே நடக்காதது போல் பசிக்குது என்று கேட்பார்கள். அடுத்த நாள் வாசல் கூட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். நாங்களும் சுகம் என்று நினைத்துவிடுவோம். அதற்கு அடுத்த நாள் கட்டில் தொடங்கும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று சரித்திர ஆசிரியர்கள் கேட்கலாம். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். பக்கத்துக் கொட்டில் தில்லைநடராசா குடும்பம். அப்போது எங்களுக்குக் கிணறு கிடையாது, ஆகவே சண்டையும் கிடையாது.

அதைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எழுதுவதாக இல்லை.

நவம்பர் 6

கட்டில் தொடங்கியது.

மயூரதிக்கு நீளக் கை சட்டை, காலுறை. வேப்பிலையும் தேங்காய்ப் பொச்சும் போட்டு வீடு முழுக்கப் புகை. ஒழுங்கையால் போன சனம் வீடு எரிகிறது என்று படலையைத் தட்டியது. நுளம்பு வலைக்குள்ளேயே சாப்பிடச் சொன்னேன். "என்ன மாமா, நான் என்ன பலகாரமே மூடி வைக்க?" என்று வலையைச் சுருட்டி மேலே எறிந்தாள். கொஞ்ச நாளைக்கு முல்லைத்தீவுக்குப் போய் மாப்பிள்ளையோடு இரு என்றேன். கிளினிக் இங்கே, டொக்டர் இங்கே, என்னை ஏன் கலைக்கிறியள் என்று கேட்டாள். தேங்காய் விழுகிற சத்தம் கேட்டது போல் வெளியே போனேன்.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். கண்ணாடி போடாமலேயே தெரிகிறது. பாயில் படுத்த மாதிரி, வரிசை வரிசையாக.

நவம்பர் 7

ஜெயரூபனின் தொலைபேசி இலக்கம் நாட்காட்டியில் எழுதியிருக்கிறது. இலக்கத்தை இன்று பல தடவை பார்த்தேன். அழகான இலக்கம்.

ஒரு சொல் அவருக்குச் சொன்னால், வாகனம் வரும், பொடியனை ஏற்றிக்கொண்டு போவார்கள், ஒழுங்கை முழுவதும் விரல் குத்தி இரத்தம் எடுப்பார்கள், சுன்னாகத்துக்கு அன்றைக்கே செய்தி போய்விடும். கலியாணம் குழம்பும். காட்டிக்கொடுத்தவன் நான். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற கனத்தை நான் எழுதத் தேவையில்லை. அதைவிட நேரே போய்த் தில்லைநடராசாவிடம் சொல்வது இராசதந்திரம். அவர்களே கூட்டிக்கொண்டு போகட்டும். நாளைக்குப் போகிறேன்.

நவம்பர் 8

போனேன். வேட்டி கட்டி, சால்வை போட்டு, தூதுவனைப் போல ஒழுங்கையைச் சுற்றி எதிரியின் முன்படலைக்குப் போனேன். உள்ளே கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தில்லைநடராசா படலையைத் திறக்காமல் அந்தப் பக்கம் நின்றார். நான் சமாதானத்துக்கு வந்திருப்பதாக நினைத்திருக்கவேண்டும். அவருடைய நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

"என்ன குலம்?"

அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நித்திரை இல்லாத முகம். அந்த முகத்தை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, நான் பாடமாக்கிக்கொண்டு போன வசனம் வரவில்லை.

"உம்மட தென்னையில ஒரு காஞ்ச ஓலை என்ர பக்கம் தொங்குது" என்றேன்.

"பாத்து வெட்டுவிக்கிறன்" என்றார்.

திரும்பி வந்தேன். உலகத்தில் எந்தத் தூதுவனும் இவ்வளவு கேவலமாகத் திரும்பியிருக்கமாட்டான்.

நவம்பர் 9

ஓலையை வெட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 12

எழுத இருக்கிறேன், ஆனால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நடந்து நடந்து எழுதுகிறேன். எழுத்து அப்படித்தான் இருக்கும்.

காலையில் மயூரதி போர்வை கேட்டாள். இந்தப் புழுக்கத்தில் போர்வை. தொட்டுப் பார்த்தேன். நான் ஓட்டோக்காரனைக் கூப்பிட்ட கூவலில் கோயில் புறா எல்லாம் எழும்பியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நாய், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் விலகச் சொல்லி நானே சத்தம் போட்டுக்கொண்டு போனேன். ஓட்டோவில் ஹோர்ன் இருக்கிறது ஐயா என்றான் அவன்.

மலேரியாவுக்குச் சோதியுங்கோ என்று டொக்டரிடம் சொன்னேன். சின்ன வயதுப் பெண். யாழ்ப்பாணத்தில் மலேரியா ஏது ஐயா, சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார். சோதியுங்கோ என்றேன். வெளிநாடு எங்கேயும் போனவவா என்று கேட்டார்.

"அவள் போகேல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் மடகஸ்காரால வந்தவன். ஒண்டைவிட்டு ஒருநாள் நடுங்குறான். இடையில கிணறு ஒண்டு இருக்கு. புது நுளம்பு நிறைஞ்சு கிடக்கு."

சொல்லியாயிற்று. ஒரே மூச்சில், தாளம் தப்பாமல். அன்றைக்கு எதிரியின் படலையில் வராத வசனம்.

டொக்டரின் பேனா நின்றது. யாரையோ போனில் கூப்பிட்டார். பிறகு குடும்பத்தில் யாருக்காவது முன்பு மலேரியா வந்ததா என்று கேட்டார்.

"மனிசிக்கு."

எப்போது என்றார். தொண்ணூற்றாறு என்றேன். சுகமாயிட்டாவா என்றார். நான் யன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மயூரதியின் விரலைக் குத்தினார்கள். முடிவு சீக்கிரம் வந்துவிட்டது. மலேரியா இல்லை. சலம் போகிற பாதையில் கிருமி, அதனால் காய்ச்சல், மருந்து கொடுத்திருக்கிறார்கள். நான் உடனே எழும்பி நின்று டொக்டருக்குக் கை கூப்பினேன். அவர் இருங்கோ ஐயா என்றார். இன்றைக்கு இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். இப்போதுதான் கடித்திருந்தால் காய்ச்சல் காட்டப் பல நாள் எடுக்கும். பிள்ளை பிறக்கும்வரை அடிக்கடி இரத்தம் பார்க்கவேண்டும். பிள்ளைத்தாச்சிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து.

தெரியும் என்றேன்.

நவம்பர் 13

விடிந்ததும் வாகனம் வந்தது. கோபிகரனின் இரத்தத்தில் மலேரியா. நடந்துதான் வந்து ஏறினான். தோள் இரண்டும் உடுப்புக் கொழுவி மாதிரி. ஏறுமுன் என் படலையைப் பார்த்தான். நான் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

பாக்கியம் ஒழுங்கையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "குலமண்ணை, என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போட்டியள். நல்லா இருங்கோ." நான் ஒரு பகிடி யோசித்தேன். வரவில்லை.

ஒழுங்கை முழுவதும் விரல் குத்தினார்கள். வீடுகளுக்குள் மருந்து அடித்தார்கள். வேறு யாருக்கும் இல்லை. மத்தியானம் ஜெயரூபன் மீன் பையோடு கிணற்றடிக்கு வந்தார். இந்தமுறை மூன்று பை. கோட்டில் அனுமதி வாங்கலாம் ஐயா, ஆனால் அடுத்த தவணைக்கு எவ்வளவு நாளோ, அதற்குள் இதில் இருக்கிறது எல்லாம் பறந்துவிடும் என்றார். என் சம்மதத்தைக் கொடுத்தேன். இனி எதிர்ப்பக்கம்.

தில்லைநடராசா மதில் முடிகிற இடத்துக்கு வந்து நின்றார். முகம் கல்.

"வழக்கில இருக்கிற கிணறு" என்றார். "கை வைக்க ஏலாது."

தம்பி என்னென்னவோ சொன்னார். அவர் தம்பியைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார். எனக்கு விளங்கியது. என் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை வாங்கி என்னையே குத்துகிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் கிணற்றுக் கட்டுக்குக் கிட்டப் போனேன்.

"போனை எடும்" என்றேன்.

"ஏன்?"

"எடுத்து வீடியோ பிடியும்."

சந்தேகத்தோடு எடுத்தார். அளவைக்காரன் அல்லவா, பிடிக்கும்போதே கிணறும் நானும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி ஒரு அடி பின்னால் போனார். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். பட்டாபிஷேகத்துக்கு நிற்பவன் போல நெஞ்சை நிமிர்த்தினேன். குரல் மட்டும் அதற்குத் தக்கதாக வரவில்லை.

"நான் குலவீரசிங்கம். இந்தக் கிணத்தில எனக்கு ஒரு துளி உரித்தும் இல்லை. இது முழுக்க தில்லைநடராசாவின்ர கிணறு. சொந்தக்காரனிட்டைக் கேக்கிறன், இதுக்குள்ள மீன் விட உத்தரவு தாரும்."

ஜெயரூபன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே குலம்?" என்றார் தில்லைநடராசா. போன் இன்னும் பிடித்தபடியே இருந்தது.

"உள்ளுக்கு ஒருத்தி பிள்ளைத்தாச்சியாய் இருக்கிறாள். என்ர தேவியைச் சைக்கிளில வைச்சு ஆஸ்பத்திரிக்கு உழக்கினது நீர்தானே. நான் பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனான். உமக்கு நான் என்ன சொல்லக் கிடக்கு?"

போன் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"ஏழாம் மாசம்" என்றார். என்னிடம் இல்லை. கிணற்றிடம் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்குப் பின்னால் குசினி வாசலில் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தேன். மயூரதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவளுடைய மாமி தேவி ஷெல் குண்டு விழுந்து செத்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள். யுத்தக் காலம், அப்படித்தானே நினைப்பார்கள். நானும் யாரையும் திருத்தியதில்லை. வயிற்றில் இருந்ததைப் பற்றி யாருக்கும் தெரியாது.

தில்லைநடராசா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஜெயரூபனின் கையில் இருந்து ஒரு பையை வாங்கினார். "அங்கால வெயில். இஞ்சால நிழல்ல விடவேணும்" என்று சொல்லி, கிணற்றுக் கட்டில் குனிந்து, பையின் வாயை அவிழ்த்து, மெல்ல, மிக மெல்லச் சரித்தார். மற்றப் பைகளையும் அவரே விட்டார். எனக்கு ஒன்று தரவில்லை. அவருடைய கிணறு.

நவம்பர் 14

என் சட்டத்தரணி கூப்பிட்டார். வீடியோ எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கைக்கு நேற்றுப் பின்னேரமே போய்விட்டதாம். உங்களுக்குச் சித்தம் தடுமாறியதென்று ஒரு டொக்டர் சான்றிதழ் எடுக்கலாமா என்று கேட்டார். தெளிவாகத்தான் இருந்தேன் என்றேன். அப்படியென்றால் வழக்கு முடிந்தது என்றார்.

தில்லைநடராசாவை நான் பிழை சொல்லமாட்டேன். மீன் விட்டதும் அவர்தான், வீடியோவை அனுப்பியதும் அவர்தான்.

நவம்பர் 15

மயூரதிக்கு இன்றும் சூப் வைத்தேன். உப்பைக் குறை சொல்லாமல் குடித்தாள். வலையைத் தானே இறக்கி, நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகினாள். பிறகு வலைக்குள் இருந்தபடி, "மாமி நல்லா வடிவோ மாமா?" என்று கேட்டாள்.

அவளைப் பார்க்க விமானங்கள் தாழப் பறந்தன என்று சொல்லியிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் சொல்லுவேன். "ஓம்" என்றேன்.

நவம்பர் 27

மயூரதிக்கு இரத்தம் பார்த்தார்கள். இல்லை. சலக் கிருமியும் போய்விட்டது. நான் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். விறாந்தையில் என் காலடியில் ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது, மாரி மழை அதனால் ஓடிக் கடலில் சேருகிறது.

கோபிகரன் வீட்டுக்கு வந்துவிட்டான். மாத்திரையை இன்னும் போடுகிறானாம். கட்டில் ஆடவில்லை. நேற்றுப் படலையில் என்னைக் கண்டு நின்றான். திட்டுவான் என்று தயாராக இருந்தேன். "அங்க பக்கத்து அறைப் பொடியன் ஒருத்தன் இதில செத்தவன் அங்கிள். எனக்குத் தெரியும் இது என்னெண்டு. அம்மாவுக்குச் சொல்லப் பயமாயிருந்தது" என்றான். கலியாணம் என்னவாம் என்று கேட்கத் துணிவு வரவில்லை. சுன்னாகத்தார் ஒன்றும் சொல்லவில்லையாம், அதை அவனே சொன்னான். ஒன்றும் சொல்லாதது நல்லதா கெட்டதா என்று அவனுக்கும் தெரியவில்லை. பாக்கியம் என்னைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்புகிறாள். அது அவளுடைய உரிமை, அதில் எனக்குப் பாதிகூட இல்லை.

கிணற்றுக்குத் தில்லைநடராசா சின்னக் கண் வலையில் மூடி செய்து போட்டிருக்கிறார். சீரான வட்டம். காம்பஸ் வைத்துக் கீறியிருப்பார்.

டிசெம்பர் 6

மறுபடி இரத்தம். இல்லை. நுளம்பு மருந்தடித்த சுவரில் கை வைக்கவேண்டாம் என்று ஒருநாளில் பலமுறை சொல்கிறேனாம். மயூரதி எண்ணி வைத்திருக்கிறாள்.

டிசெம்பர் 19

இன்றும் இரத்தம் பார்த்தார்கள். இல்லை. பிள்ளையின் இருதயத் துடிப்பை அந்தச் சின்ன டொக்டர் என்னையும் கேட்கவைத்தார். மாமாவுக்குத்தான் முதலில் கேட்கவேண்டுமாம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி விறாந்தை தேய்ந்துவிடுமாம். கேட்டேன். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. குதிரைப் படை ஓடுகிற மாதிரி என்று எழுத வந்தேன். ஒரு குதிரைதான். ஒன்றே ஒன்று.

தை மாதம் பிறந்துவிடும்.

பின்னேரம் ஜெயரூபன் வந்து கிணற்றில் பார்த்தார். கரண்டியில் ஒரு குடம்பிகூட இல்லை. நான் மகிழ்ச்சியில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, இந்தக் கிணறு சரி ஐயா, அடுத்த ஒழுங்கையில் மூன்று கிணறு, கோயிலுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கி, அவற்றில் இன்னும் குடம்பி என்று சொல்லிக்கொண்டு போனார். துரைசாணி வந்துவிட்டாள், இனிப் போகமாட்டாள், நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றார். எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டேன். சாதாரண நுளம்பு சுவரில் கூனிக்கொண்டு இருக்கும், இவள் தலையைக் குத்தி, பின்பக்கத்தை உயர்த்தி, ஊசி ஏற்றிய மாதிரி இருப்பாள் என்று விரலால் காட்டினார்.

இப்போது பொழுது படுகிறது. மயூரதி வலைக்குள் சரிந்து படுத்திருக்கிறாள். கை வயிற்றின் மேல். அவளுடைய தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஒரு நுளம்பு இருந்தது. மற்ற நாளில் என்றால் அடித்துவிட்டு, கழுகை வீழ்த்தினேன் என்று எழுதியிருப்பேன். இன்று அடிக்கத் தோன்றவில்லை. எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் போலிருந்தது. மேசையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

சுவர் வெறுமையாக இருந்தது.

கதிரையை வலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். இதை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சுவரைப் பார்க்கிறேன்.